பசிப்பிணி உணர்ந்த வள்ளலார்

எமது கல்லூரியின் யூபிலி மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றினை எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தனர். கல்விக் கழகங்களை நிறுவியோர், நூல்களை இயற்றியோர், நாட்டுக்கு உழைத்தோர் என இத்தகைய மலர்களில் இடம்பெறும் பெரியார் பலர். அவர்களுள் ஒருவரை எடுத்துக்கொள்ளுதலே வழக்கமாகும். நாம் தெரிந்தெடுத்தவரோ எந்தப் பள்ளியிலும் முறையாகப் பயிலாதவர். பட்டம் எதுவும் பெறாதவர். ஓர் அடுப்பை மூட்டி, அது அணையாதிருக்க வழிசெய்து சென்றவர். வடலூர் வள்ளலார் என உலகம் போற்றும் இராமலிங்க அடிகளே அவர்.

அடிகளாரின் பாடல்களைப் பற்றியும், சமரச நெறியைப் பற்றியும், அவர் மறைந்த வகை பற்றியும் அறிஞர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். அவற்றை மீண்டும் கூறுதல் எமது நோக்கமன்று. பசி என்பது யாது, அது மனிதனை என்ன செய்கின்றது, அதன் முன்னிலையில் ஏனையோர் செய்யத்தக்கது யாது என்னும் மூன்று வினாக்களுக்கும் தமது வாழ்நாளையே விடையாகத் தந்தவர் அவர். அந்த ஒரு பகுதியையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

நெல் விளையும் நாட்டில் இருந்துகொண்டு பசியைப் பற்றி எழுதுவானேன் எனச் சிலர் வினவக்கூடும். எம்மிற் பலர் சவளக்கடையிலும் அதனைச் சூழ்ந்த வயற்புறக் கிராமங்களிலும் பிறந்து, மாரி வெள்ளம் பெருகும் நாட்களிற் கிட்டங்கிப் பாதையைக் கடந்து கல்முனைப் பக்கம் படிக்க வந்தவர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல். களவெட்டியிலே குன்றுபோற் பொலி. 1949இல் தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டம் இப்பகுதி வெளிகளுக்கு நீர் தந்து விளைச்சலைப் பெருக்கிற்று. ஆயினும், ஐப்பசி கார்த்திகையில் விதைத்த பெரும்போக வெள்ளாமை மாசி பங்குனியில் அறுவடையாகும் வரை, சொந்த நிலமற்ற கூலியாளின் வீட்டிற் பானை வெறுமையாய்க் கிடந்த நாட்களை நாம் கண்டிருக்கின்றோம். போடியாரின் சூட்டை அடித்துக் கொடுத்தவன், அடுத்த மாரியில் தன் பிள்ளைகளுக்காக அந்நெல்லையே கடனாக வாங்கினான். அப்பிள்ளைகளுள் ஒருவன் எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தான். மூன்றாம் பாடவேளையில் அவன் தலை சாய்ந்தமைக்குச் சோம்பலே காரணமென்று அன்று நாம் எண்ணினோம். வள்ளலாரைக் கற்ற பின்னரே எமது அறியாமை எமக்கு விளங்கிற்று. இவ்வரலாற்றை எழுதப் புகுந்தமைக்கு அதுவே காரணம்.

தென்னார்க்காட்டுப் பகுதியில் உள்ள மருதூர் என்னும் சிற்றூரில், 1823ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 5ஆம் திகதி அடிகளார் தோன்றினார். தந்தையார் இராமையாபிள்ளை ஊர்க்கணக்கர். பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தும் வந்தவர். தாயார் சின்னம்மையார். ஐவருள் கடைசிப் பிள்ளையாகப் பிறந்த இராமலிங்கருக்கு ஓராண்டு நிறையுமுன்னரே தந்தையார் காலமானார். கணக்கர் தொழிலால் வந்த வருவாய் அன்றோடு நின்றது. கைம்பெண்ணாகிய தாயார் ஐந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு முதலில் பொன்னேரிப் பக்கத்திலுள்ள தம் பிறந்த ஊருக்கும், பின்னர்ச் சென்னைக்கும் சென்றார். உழைப்பவர் ஒருவர் மறைந்தவுடன் ஒரு குடும்பம் எவ்வளவு விரைவில் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வருகின்றது என்பதை அடிகளார் பேசப் பழகுமுன்னரே வாழ்ந்து கண்டார் எனலாம்.

சென்னை ஏழுகிணற்றுப் பகுதியிலே அக்குடும்பம் குடியிருந்தது. மூத்தவர் சபாபதிப்பிள்ளை புராணப் பிரசங்கம் செய்து வீட்டைக் காத்து வந்தார். தம்பியையும் படிப்பித்துத் தம்மைப்போல் ஆளாக்க அவர் விரும்பினார். தம்பியோ பாடத்தை விட்டுக் கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே கதியெனக் கிடந்தார். சினமுற்ற தமையனார், இவனுக்கு வீட்டிற் சோறிடலாகாது எனக் கட்டளையிட்டார் என்றும், அண்ணியார் மனம் பொறாது, கணவர் இல்லாத வேளை பார்த்துப் பின்வாசல் வழியே அழைத்துச் சோறிட்டு வந்தார் என்றும் வரலாறு எழுதினோர் கூறுவர். வீட்டிலே திதி நடந்த நாளொன்றில், உற்றாரும் ஊராரும் விருந்துண்ட பின்னர், இலை முன் வந்திருந்த மைத்துனரைக் கண்டு அண்ணியார் கண்ணீர் விட்டார் என்றும் சொல்வதுண்டு. பின்னாளில் உலகுக்கே சோறிட முனைந்தவர், தாம் உண்ட சோற்றை ஒளித்து உண்ணவேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. பசியோடு கூடவே வரும் நாணத்தை அவர் அறிந்த இடம் அந்தப் பின்வாசலேயாகும்.

தமையனார் நோயுற்றிருந்த ஒரு நாளில், அவருக்குப் பதிலாகச் சென்று பிரசங்கம் செய்து சபையை வியக்க வைத்ததன் பின், இராமலிங்கர் ஓதாது உணர்ந்தவர் என்னும் பெயர் பரவிற்று. பாடல்கள் பெருகின, அன்பர்கள் சூழ்ந்தனர். 1850ஆம் ஆண்டளவில் உறவினர் வற்புறுத்தலால் திருமணம் நிகழ்ந்ததாயினும், அவர் உள்ளம் இல்லறத்திற் பற்றவில்லை. நகர வாழ்வும் அவருக்கு ஒவ்வாததாயிற்று. 1858ஆம் ஆண்டளவில் சென்னையை விட்டுப் புறப்பட்டுச் சிதம்பரத்தைத் தரிசித்து, வடலூருக்கு அண்மையிலுள்ள கருங்குழி என்னும் ஊரில் ஒரு ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். ஒன்பது ஆண்டுகள் வரை அவ்வூரே அவருக்கு இருப்பிடமாயிற்று.

சென்னையில் அவர் கண்ட வறுமை நகரத்து வறுமை. கருங்குழியில் கண்டதோ உழவர்தம் வறுமை. மழையை நம்பிய புன்செய் நிலம், தவறாது கேட்கப்படும் நிலவரி, வட்டிக்குக் கடன், விளைந்தவுடன் விற்கவேண்டிய நெருக்கடி, அதன்பின் வாங்கியுண்ணவேண்டிய இழிநிலை ஆகியவற்றிடையே அந்நாளைய தென்னார்க்காட்டுக் குடியானவன் வாழ்ந்தான். இதற்கிடையே 1866ஆம் ஆண்டிலே ஒரிசாவைக் கொடும்பஞ்சம் வாட்டிற்று. அப்பகுதி மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் மாண்டனர் என வரலாற்றாசிரியர் கணிப்பர். அப்பஞ்சத்தின் கொடுமை சென்னை மாகாணத்தின் வட பகுதிகளிலும் உணரப்பட்டது. தானிய விலை ஏறிற்று. பயிரின் வாட்டத்தையும் தம் வாட்டமாகக் கொண்டவர் என நாம் அறிந்த அடிகளார், அக்காலத்தில் எத்தகைய மனத்துயருடன் இருந்திருப்பார் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

1865ஆம் ஆண்டில் அவர் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். ஈராண்டு கழிந்து, 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் திகதி, வடலூரிலே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கென அவ்வூர் மக்கள் 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். காணி என்பதை நாம் பொதுவாக நிலம் என்னும் பொருளில் வழங்குகின்றோம். தமிழகத்திலோ அது ஓர் அளவு. 80 காணி ஏறத்தாழ 106 ஏக்கராகும். அரசரோ பெருஞ்செல்வரோ வழங்காது, தாமே உழுதுண்ணும் குடியானவர் வழங்கிய நிலம் என்பது கருதத்தக்கது. அங்கே 21 அடி நீளமான அடுப்பொன்று அமைக்கப்பட்டது. அன்று அடிகளார் மூட்டிய நெருப்பு அணையவிடப்படாமல் இன்றும் காக்கப்பட்டு வருகின்றது. இன்று தமிழ்நாட்டு அறநிலையத் துறையின் மேற்பார்வையில் உள்ள அச்சாலையில், வருவோர் யாராயினும் உணவு பெறுகின்றனர்.

தொடக்கத்திற் சாலைக்கு வருவாய் உறுதியாய் இருந்ததில்லை. ஒரு நாள் அரிசி தீர்ந்தது என்றறிந்து பொறுப்பாளர் கலங்கி நின்றார் என்றும், அடிகளார் சற்றே தியானத்தில் அமர்ந்து, மறுநாள் வரும் எனச் சொல்லி அனுப்பினார் என்றும், அவ்வாறே மறுநாள் வண்டிகளில் அரிசி வந்து சேர்ந்தது என்றும் அன்பர்கள் சொல்வர். இதனை அற்புதமென்று கொள்வோர் கொள்க. அரிசி இல்லை என்பதற்காக அடுப்பை அணைத்து, வந்தவரைத் திருப்பியனுப்ப அவர் உடன்படவில்லை என்பதே எமக்கு இதில் தோன்றும் பொருள்.

சோறிடுதல் தமிழகத்துக்குப் புதியதன்று. பசியைப் பிணி என்று அழைத்தது நம் பழந்தமிழ் மரபு. அமுதசுரபி ஏந்திய மணிமேகலையின் கதையை நாம் பள்ளியிலே படித்திருக்கின்றோம். சத்திரங்களும் மடங்களும் ஊர்தோறும் இருந்தன. அவற்றுட் பலவற்றில் இன்னாருக்கு இன்ன பந்தி என்னும் வரையறையும் உடனிருந்தது. வள்ளலார் செய்த புதுமை இரண்டு. ஒன்று, வந்தவர் எவ்வூரார், எச்சமயத்தார், எச்சாதியார், எத்தகைய ஒழுக்கத்தார் என்று உசாவலாகாது என விதித்தமை. மற்றொன்று, பசியை ஒரு மருத்துவன் நோயை ஆராய்வது போல ஆராய்ந்து எழுதியமை.

சீவகாருணிய ஒழுக்கம் என்னும் அவருடைய உரைநடை நூலில் அவ்வாராய்ச்சி அமைந்துள்ளது. உயிர்களுக்கு நேரும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என ஏழாக அவர் வகுத்தார். அவற்றுள் பசியையும் கொலையையும் நீக்குதலே தலையாயது என்றார். ஏனைய துன்பங்களைப் பொறுத்துக்கொண்டு மனிதன் நெடுநாள் வாழ்தல் கூடும். இவ்விரண்டும் உயிரையே கொண்டுபோவன. பசித்தவனைப் பார்த்துக்கொண்டிருத்தலும் கொல்லப்படுபவனைப் பார்த்துக்கொண்டிருத்தலும் ஒரு தன்மையனவே என்பது இதனாற் பெறப்படும்.

பின்னர், பசி ஏறும்போது நிகழ்வனவற்றை ஒழுங்காக எடுத்துரைக்கின்றார். முதலில் மங்குவது அறிவு. மனம் தடுமாறுகின்றது, நினைவு சிதறுகின்றது, உறுதி குலைகின்றது. அதன்பின் கண் குழிவிழுந்து ஒளி குன்றுகின்றது, காது இரைகின்றது, நா வறள்கின்றது, தோல் மெலிந்து உணர்ச்சியற்றுப் போகின்றது, கைகால் சோர்கின்றன, குரல் வேறுபடுகின்றது, வயிறு எரிகின்றது. இவை யாவும் உண்ட சிறிது நேரத்தில் மாறி, முகத்தில் ஒரு தெளிவு தோன்றுவதையும் அவர் கூர்ந்து நோக்கியிருக்கின்றார். அந்தத் தெளிவிலே கடவுளின் விளக்கம் வெளிப்படுகின்றது என்பது அவருடைய முடிபு. பசியுற்றோர் முன்னிலையில் நெடுங்காலம் அமர்ந்து, அவர் முகங்களையே படித்த ஒருவர்க்கன்றி இவ்வாறு எழுதுதல் இயலாது.

உடலுக்கு முன்னே அறிவு தளர்கின்றது என்னும் அக்கருத்தை ஆசிரியர்களும் மாணவர்களும் சிறப்பாக நோக்கவேண்டும். 1944, 1945ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் 36 இளைஞர்களை அவர்தம் விருப்பத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினி வைத்து ஆராய்ந்தார். அவர்கள் உடல் நிறையில் நான்கிலொரு பங்கை இழந்தனர். அதனினும் வியப்புக்குரியது அவர்கள் மனம் மாறிய வகை. நல்லறிவும் நற்பண்பும் உடைய அவ்விளைஞர்கள் எதிலும் ஊக்கமற்று, சிறு காரியத்துக்கும் சினந்து, நண்பரை வெறுத்து, இரவும் பகலும் உணவையே எண்ணலாயினர். படிப்பிலே கருத்தூன்ற இயலவில்லை எனத் தாமே முறையிட்டனர். ஆய்வுக் கருவி எதுவுமின்றி, வடலூர்ச் சாலையின் திண்ணையிலிருந்து அடிகளார் கண்டறிந்ததையே அவ்வாய்வும் எண்பதாண்டுகளின் பின் உறுதி செய்தது. மூன்றாம் பாடவேளையில் தலைசாய்ந்த எம் தோழனைச் சோம்பேறி என எண்ணிய எமக்கு இதனை அன்று யாரேனும் சொல்லியிருக்கலாகாதா என இன்று வருந்துகின்றோம்.

பசித்தவருள்ளும் அடிகளார் பெரிதும் இரங்கியது கேட்க நாணுவோர்க்காகவே. நேற்று வரை நன்றாய் வாழ்ந்து இன்று நொடித்தவர், மானம் தடுக்க, வாய்திறந்து கேளாமல் வீட்டுக்குள்ளே வாடுவர். ஊமை தான் கண்ட கனவைச் சொல்ல மாட்டாதது போன்றது அவர் நிலை. அவர் கேளாதிருப்பதனாற் பசியில்லை என்று கொள்ளுதல் பெரும் பிழையென்பதை அடிகளார் உணர்த்தினார். பின்வாசலில் உண்டவர்க்கு இது தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

பசிக்கு ஒரு நற்பயனையும் அவர் கண்டார். பசி என ஒன்று இல்லாதிருந்தால் மனிதர் ஒருவரையொருவர் நாடார். உதவி என்பதே உலகில் நிகழாது. ஆதலாற் பசியும் இறைவன் உயிர்களைப் பிணைக்கும் கருவிகளுள் ஒன்று என்பது அவர் கருத்து. இதனைப் பிழைபடக் கொள்ளலாகாது. பசி நல்லதாதலின் அதனை விட்டுவைக்கலாம் என அவர் கூறவில்லை. பசி எம்மை நோக்கி விடுக்கப்பட்ட அழைப்பு. அழைப்பைக் கேட்டவன் எழுந்து செல்லவேண்டும்.

ஈண்டு ஒரு வினா எழும். ஒருவன் பசித்திருப்பது அவனது முன்வினைப் பயன் எனின், அதனைத் தடுத்தல் இறைவன் கட்டளைக்கு மாறாகாதோ? சமய நூல்களை மேற்போக்காகக் கற்றோர் அன்றும் இவ்வாறு கேட்டனர், இன்றும் கேட்கின்றனர். அடிகளார் வினைக்கொள்கையை மறுத்தாரல்லர். ஆனால் அதனை இரக்கமின்மைக்குப் போர்வையாக்க இடந்தரவில்லை. அரசன் ஆணையாற் சிறைப்பட்ட குற்றவாளிக்கும் அங்கே உணவு இடப்படுகின்றது. அவ்வுணவை இட்டவன் அரசனுக்குப் பகைவன் ஆவதில்லை. அதுபோலவே இதுவும் என்று விளக்கினார். பிறர் பசிக்குக் காரணம் கூறிவிட்டால் தம் கடமை தீர்ந்தது என எண்ணுவோர்க்கு இவ்விடை என்றும் பொருந்தும்.

இந்த இடத்தில், சைவக் கல்லூரி ஒன்றின் மலரில் எழுதுவோர் பலர் தவிர்த்துச் செல்லும் ஒரு செய்தியை நாம் கூறாதிருத்தல் நேர்மையாகாது. ஈழத்துச் சைவக் கல்விக்கு வித்திட்ட யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரும் வள்ளலாரும் ஒரே காலத்தவர். நாவலர் 1822 டிசம்பரிலும் வள்ளலார் 1823 ஒக்டோபரிலும் பிறந்தனர். 1867இல் வள்ளலாரின் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரால் தொகுத்து வெளியிடப்பட்டபோது, திருமுறைகளுக்கே உரிய அப்பெயரை அவற்றுக்கு வழங்கலாகாதென நாவலர் கண்டித்தார். மறுப்பு நூல்கள் எழுந்தன. 1869இல் வழக்கு மஞ்சகுப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அருட்பா, மருட்பா எனத் தமிழுலகம் இரு கட்சியாய்ப் பிரிந்து, அப்பெரியார் இருவரும் மறைந்த பின்னரும் நெடுநாள் வாதிட்டது. நாவலர் வழியில் வந்த நாம் வள்ளலாரைப் புகழ்தல் தகுமோ எனத் தயங்குவோரும் எம்மிடையே உளர். அத்தயக்கத்தைத் தீர்க்கும் நிகழ்ச்சி பத்தாண்டுகள் சென்றபின் யாழ்ப்பாணத்திலே நேர்ந்தது. அதனைச் சற்றே பின்னர்க் கூறுவாம்.

1870ஆம் ஆண்டளவில் அடிகளார் வடலூருக்கு அருகிலுள்ள மேட்டுக்குப்பத்துக்குச் சென்று, சித்திவளாகம் எனத் தாம் பெயரிட்ட இல்லத்தில் உறைந்தார். 1872ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் திகதி வடலூரில் சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கிற்று. ஞானசபைக்கு ஐந்து ஆண்டுகள் முந்தியது தருமச்சாலை என்பதை நாம் மறத்தலாகாது. முதலில் அடுப்பு, அதன்பின் சோதி என்பதே அவர் வகுத்த வரிசை. வயிறு எரிகின்றவனுக்கு ஞானம் உரைத்தல் பயனற்றதென்பதை இதனினும் தெளிவாக எவ்வாறு உணர்த்துவது? 1874ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி சித்திவளாகத்தில் ஓர் அறையினுட் புகுந்து கதவை அடைப்பித்தார். அதன்பின் அவரை எவரும் கண்டிலர். இறைவனோடு கலந்தார் என்பது அன்பர் நம்பிக்கை.

அவர் மறைந்து மூன்றாண்டு கழியுமுன், தென்னிந்தியா அதுவரை கண்டிராத பெரும்பஞ்சத்தில் அகப்பட்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 55 இலட்சம் மக்கள் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. அதனினும் மிகுதியாகக் கணிப்போரும் உளர். மழை பொய்த்தது உண்மை. ஆனால் அக்காலத்திலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டே இருந்தது. பஞ்சப் பணிகளை மேற்பார்க்க வந்த சேர் றிச்சட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியம் போதும் எனக் கணக்கிட்டுக் கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார அதிகாரியாயிருந்த கோர்ணிஷ் என்னும் மருத்துவர், அவ்வளவு உணவில் உழைக்கும் மனிதன் மெல்ல மெல்லச் சாவான் என எடுத்துக்காட்டி எதிர்த்தார். பின்னர் 1880இல் பஞ்ச விசாரணைக் குழுவினரே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டனர். பஞ்சத்தில் மக்கள் மடிவது தானியம் அறவே இல்லாமையால் அன்று. வேலையும் கூலியும் அற்று, உள்ள தானியத்தை வாங்க இயலாமற் போவதாலேயே பெரிதும் மடிகின்றனர் என்பதே அது. அப்பஞ்சத்துக்குத் தப்பி இலங்கைத் தோட்டங்களை நாடி வந்தோரும் பல்லாயிரவர்.

அதே காலத்தில், 1876, 1877ஆம் ஆண்டுகளில், யாழ்ப்பாணத்தையும் பஞ்சமும் வாந்திபேதியும் ஒருங்கே தாக்கின. அப்போது நாவலர் வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டித் தருமத்தைத் தொடங்கினார். பணமும் அரிசியும் வேண்டிப் பல இடத்தாருக்கும் விண்ணப்பம் விடுத்தார். பசியால் வாடிய மக்களுக்கு நாள்தோறும் கஞ்சி வார்ப்பித்தார். யாழ்ப்பாணத்து ஏசண்டராயிருந்த துவைனம் துரையின் போக்கினை அஞ்சாது கண்டித்தும் எழுதினார். கஞ்சி வார்ப்பதோடு அமையாது, நெல் விளையும் நிலத்தைத் தேடவேண்டும் எனவும் கருதினார். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்னும் இரு பெயர்களையும் தாங்கிய கமத்தொழில் வணிகக் கூட்டம் ஒன்று அவர் முயற்சியால் அக்காலத்திலே தோன்றிற்று. 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்படும் வரை எமது சவளக்கடையும் மட்டக்களப்பு மாவட்டத்தையே சேர்ந்திருந்தது என்பதை இளைய மாணவர் அறிவாராக.

பாட்டின் பெயரைப் பற்றி நீதிமன்றம் வரை மாறுபட்ட இருவரும், பசித்தவன் முன்னிலையில் ஒரே செயலைச் செய்தனர். சாதியாசாரத்தை நாவலர் உறுதியாகப் போற்றியவர். வள்ளலாரோ அதனை முற்றாகத் துறந்தவர். அவ்வேற்றுமை சிறியதன்று, அதனை மூடி மறைத்தலும் வேண்டியதில்லை. ஆயினும் ஒருவர் அடுப்பையும் மற்றவர் கஞ்சித்தொட்டியையும் நினைந்து பார்க்கும்போது, இருவரையும் ஒருங்கே வணங்குவதில் எமக்குத் தயக்கம் எழவில்லை.

இனி, அடிகளாரின் ஆராய்ச்சி எங்கே நின்றுவிட்டது என்பதையும் கூறுதல் வேண்டும். ஒருவன் ஏன் பசித்திருக்கப் பிறந்தான் என்னும் வினாவுக்கு, முற்பிறப்பில் அவன் பிறவுயிர்க்கு இரங்காமையே காரணம் என அவர் விடை கூறினார். வரி, விலை, கூலி, வட்டி, ஏற்றுமதி என்பவற்றை அவர் ஆராயவில்லை. அப்பணி பிற்காலத்தாருக்கு விடப்பட்டது. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் 30 இலட்சம் வரையான மக்கள் மாண்டதைச் சிறுவயதிற் கண்ட அமர்த்தியா சென் என்னும் பொருளியலறிஞர், 1981இல் வெளியிட்ட நூலில் அதனைச் செய்தார். அவ்வாண்டில் வங்கத்தில் உணவு பெரிதும் குறைந்துவிடவில்லை. போர்க்கால விலையேற்றத்தால் நிலமற்ற கூலியாளும் மீனவனும் சிறுதொழிலாளியும் உணவை வாங்கும் ஆற்றலை இழந்தனர் என அவர் நிறுவினார். உணவு நாட்டில் இருத்தல் வேறு. ஒருவன் இலையில் வந்து சேர்தல் வேறு.

எமது நாட்டு வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1942இல் போர்க்காலத்தே தொடங்கிய அரிசிப் பங்கீட்டினால், ஏழை வீட்டிலும் ஒரு பங்கு அரிசி உறுதியாயிற்று. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தி, பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தியபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் மூண்டது. பிரதமரும் பின்னர்ப் பதவி துறந்தார். அண்மையில் 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டதையும், அதனை அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் பெரிதும் வீழ்ந்ததையும் எமது வெளிகளே கண்டன. 2022 செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலையேற்றம் முன்னைய ஆண்டைவிட நூற்றுக்குத் தொண்ணூறையும் கடந்து நின்றது. நெல் விளைவிக்கும் ஊரிலேயே உலை வைக்க அரிசியின்றி வருந்தியோர் இருந்தனர். வானம் பொய்த்ததால் வந்த பசியன்று அது. மனிதர் எடுத்த முடிவுகளால் வந்தது.

ஆயின் காரணங்களை ஆராயும் வரை அடுப்பை மூட்டாதிருக்கலாமோ? ஆகாது. அடுப்பை மூட்டிவிட்டோம் என்பதனால் காரணங்களை ஆராயாது விடலாமோ? அதுவும் ஆகாது. கஞ்சியும் வார்த்து, அதிகாரியின் போக்கையும் கண்டித்து, கமத்துக்கு நிலமும் தேடிய நாவலரையும், கேள்வி கேளாது சோறிட்ட வள்ளலாரையும் ஒருங்கே வைத்துக் கற்றல் எமக்கு இதனாலேயே இன்றியமையாததாகின்றது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கிக் கல்முனைக் கரையை அழித்தபோது, பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் புகலிடமாயின. அன்று மாலை அடுப்புகள் எரிந்தன. உணவுப் பொதியை நீட்டிய கை, வாங்கிய கை தமிழருடையதா முஸ்லிமுடையதா என நோக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் எம்மிடையே எத்தனையோ கசப்புகள் நிகழ்ந்திருக்கலாம். அந்நாளில் மட்டும் வடலூர்ச் சாலையின் விதி, அதன் பெயரையும் அறியாதார் பலராலே இக்கரையிற் கடைப்பிடிக்கப்பட்டது.

பேரிடர் நாளிற் செய்தல் எளிது. வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் செய்தல் அரிது. அணையா அடுப்பின் பொருள் அதுவே. இம்மலரைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள், காலை வேளையில் வாடிய முகத்தோடு வரும் மாணவனைக் கடிந்துகொள்ளுமுன், அவன் உண்டு வந்தானா என்பதைத் தனியே அழைத்து, பிறர் அறியாவண்ணம் உசாவுதல் வேண்டும். மாணவச் செல்வங்கள், தம்மருகில் இருப்பவன் இடைவேளையில் ஏன் தண்ணீர்க் குழாயடியிலேயே நின்றுவிடுகின்றான் என்பதைக் கண்டுகொள்ளுதல் வேண்டும். பழைய மாணவராகிய நாம், மண்டபம் கட்டவும் விளையாட்டரங்கு அமைக்கவும் நிதி திரட்டுவது போலவே, காலையுணவுக்கென ஒரு சிறு நிதியையும் ஒதுக்குதல் வேண்டும். அதனைப் பெறும் பிள்ளைகளின் பெயரைப் பலகையில் எழுதவும் வேண்டாம். தந்தவர் பெயரைக் கல்லிற் பொறிக்கவும் வேண்டாம்.

எம்மோடு வாங்கில் இருந்த அத்தோழன் ஆண்டிறுதிக்கு முன்னரே படிப்பை விட்டு வயலுக்குச் சென்றான். அவன் கணக்கில் எம்மினும் வல்லவன். இந்த மலரின் பழைய மாணவர் பட்டியலில் அவன் பெயர் இராது. அவனைப் போன்ற ஒருவனாவது இனிமேல் அவ்வாறு போகாதிருப்பானாயின், இராமலிங்க அடிகளின் வரலாற்றை இம்மலரில் எழுதியதன் பயனை நாம் பெற்றவராவோம்.